எண்ணிலிருந்து உருவம்: பாராமெட்ரிக் டிசைனில் செல்லுலார் ஆட்டோமேட்டா

செல்லுலார் ஆட்டோமேட்டா என்பது ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து, ஒரு விதிப்படி தன் மதிப்பை மாற்றிக்கொள்ளும் கணக்கு முறை. அது நமக்குத் தருவது எண்களை. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பரப்பில் எந்தக் கட்டத்தில் 0, எந்தக் கட்டத்தில் 1 என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த 1 ஒரு செங்கலா, ஜன்னலா, தூணின் ஒரு துண்டா, தகட்டில் போடும் துளையா என்று முடிவு செய்வது வடிவமைப்பவரின் வேலை. புதிதாக இதைத் தொடுகிறவர்கள் விதிகளைப் பற்றியே நிறையப் படித்துவிட்டு, இந்த இரண்டாவது வேலையைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். என் பார்வையில், கிடைக்கப்போகும் உருவத்தின் தரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது. அதனால் விதிகளைத் தேவையான அளவுக்குப் பார்த்துவிட்டு, எண் உருவமாக மாறும் இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கலாம்.

முதலில் கணக்கு

இந்த யோசனை 1940-களில் ஸ்டானிஸ்லா உலாம், ஜான் வான் நாய்மன் என்ற இரண்டு கணிதவியலாளர்களிடமிருந்து வந்தது. தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொள்ளும் ஓர் இயந்திரம் சாத்தியமா என்று வான் நாய்மன் யோசித்துக்கொண்டிருந்தார். அதைக் கட்டங்களின் மேல் வைத்து யோசித்துப் பார்க்கலாமே என்பது உலாமின் ஆலோசனை. வான் நாய்மன் அமைத்த கட்டங்கள் ஒவ்வொன்றும் 29 நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு நிலைகளே போதும். 1 என்றால் உயிருள்ள கட்டம், 0 என்றால் வெறும் கட்டம்.

ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். அடுத்த வரிசையில் ஒரு கட்டம் என்ன ஆகும் என்பதை, அதற்கு நேர் மேலே இருக்கும் கட்டமும் அதன் இடது வலது அண்டைக் கட்டங்களும் சேர்ந்து முடிவு செய்யும். மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, ஆக 8 சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை 0 அல்லது 1. அப்படியானால் மொத்தம் 256 விதிகள்தான் இருக்க முடியும். 1980-களில் ஸ்டீஃபன் வுல்ஃப்ரம் இவற்றுக்கு 0 முதல் 255 வரை எண் கொடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இன்றும் அந்த எண்களைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

விதி 90 கையாலேயே போட்டுப் பார்க்க ஏற்றது. இடதும் வலதும் வேறுபட்டிருந்தால் 1, இரண்டும் ஒன்றாக இருந்தால் 0. நடுக்கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரே ஒரு 1-ல் தொடங்கினால் இப்படி விரியும்:

1
101
10001
1010101
100000001

ஒவ்வொரு வரியையும் மேலே உள்ளதற்கு நடுவாக வைத்து எழுதிப் பாருங்கள். நாற்பது ஐம்பது வரிசை போனதும், முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் இன்னும் சிறிய முக்கோணம் என்று சியர்பின்ஸ்கி முக்கோணம் தெளிவாகத் தெரியும். விதியில் முக்கோணம் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்து இரண்டு பேரை மட்டும் பார்த்தது. முழுப் படம் தானாக வந்தது. இந்தத் துறையில் எல்லோரையும் பிடித்து இழுப்பது இதுதான்.

இதை இரண்டு பரிமாணத்துக்குக் கொண்டுபோனால் ஒரு கட்டத்துக்கு எட்டு அண்டைக் கட்டங்கள்: நான்கு பக்கத்தில், நான்கு மூலையில். இங்கே பெயர் பெற்ற விதி ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்'. 1970 அக்டோபரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னரின் பத்தி வழியாக அது உலகத்துக்குத் தெரிந்தது. விதி சுருக்கமானது. உயிருள்ள கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அண்டைக் கட்டங்கள் இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் இறக்கும். வெறும் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று உயிர்கள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும்.

எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பது இதில் முக்கியம். ஒரு கட்டத்தை மாற்றிவிட்டு, அந்த மாறிய மதிப்பை வைத்தே அடுத்த கட்டத்தைக் கணக்கிட்டால் வேறு ஏதோ ஒன்று கிடைக்கும், கேம் ஆஃப் லைஃப் கிடைக்காது. இப்படி எல்லாக் கட்டங்களும் ஒரு முறை மாறுவதை ஒரு தலைமுறை என்போம். பழைய தலைமுறைக்கு ஒரு பட்டியல், புதியதற்குத் தனியாக ஒரு பட்டியல் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழையதைப் படிக்க மட்டும் செய்யுங்கள், புதியதில் எழுத மட்டும் செய்யுங்கள்.

மென்பொருளுக்குள்

பாராமெட்ரிக் டிசைன், அதாவது எண்களை மாற்றினால் வடிவமும் கூடவே மாறும்படி அமைக்கும் வடிவமைப்பு, என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரைனோ என்ற 3டி மாடலிங் மென்பொருளும் அதற்குள் ஓடும் கிராஸ்ஹாப்பரும். ராபர்ட் மெக்நீல் நிறுவனத்தில் டேவிட் ரட்டன் உருவாக்கியது அது. 2007-ல் வேறு பெயரில் வெளிவந்து பிறகு கிராஸ்ஹாப்பர் ஆனது. சிறு சிறு பெட்டிகளாகக் கம்போனென்ட்டுகள், அவற்றை இணைக்கும் வயர்கள், மதிப்பை மாற்ற ஸ்லைடர்கள். தரவு இடமிருந்து வலமாக ஓடி, கடைசியில் வடிவமாகத் திரையில் தெரியும்.

நம் வேலைக்கு அதில் ஒரு தடை உண்டு. கிராஸ்ஹாப்பரில் ஒரு கம்போனென்ட்டின் விடையைத் திரும்ப அதன் உள்ளீட்டிலேயே கொண்டுவந்து செருக முடியாது. செல்லுலார் ஆட்டோமேட்டாவோ முழுக்க முழுக்க அதைத்தான் கேட்கிறது: இந்தத் தலைமுறையின் விடைதான் அடுத்த தலைமுறையின் உள்ளீடு. இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட அனிமோன், ஹூப்ஸ்னேக் போன்ற ப்ளக்இன்கள் இருக்கின்றன. அவை வயருக்குள்ளேயே ஒரு சுழற்சியை உண்டாக்கித் தரும். ராபிட் என்ற ப்ளக்இன் செல்லுலார் ஆட்டோமேட்டாவுக்கென்றே கம்போனென்ட்டுகள் தருகிறது. ஆனாலும் நான் பரிந்துரைப்பது பைத்தான் ஸ்கிரிப்ட் கம்போனென்ட்டை. கேம் ஆஃப் லைஃப் முழுவதும் முப்பது வரிக்குள் அடங்கிவிடும். எழுதும்போதே விதி கையில் வரும். பிறகு அதை மாற்றத் துணிவும் வரும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு 2023-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து ஜியோமெட்ரி நோட்ஸில் சிமுலேஷன் ஸோன் கிடைக்கிறது. முந்தைய நிலையை நினைவில் வைத்து அடுத்ததைக் கணக்கிடும் வேலையை அது செய்யும். ஹூடினி என்ற இன்னொரு 3டி மென்பொருளில் இதே வேலைக்கு சால்வர் நோட் உண்டு.

கட்டங்களை எப்படிச் சேமிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசையில் 50 கட்டம், அப்படி 50 வரிசை என்றால் 2,500 எண்கள் கொண்ட ஒரே பட்டியல் போதும். வரிசை எண்ணை 50-ஆல் பெருக்கி, வரிசைக்குள் அதன் இடத்தைக் கூட்டினால் எந்தக் கட்டத்தையும் எடுத்துவிடலாம். எண்ணிக்கையை எப்போதும் 0-லிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தலைமுறையையும் கிராஸ்ஹாப்பரின் டேட்டா ட்ரீயில் தனித்தனிக் கிளையாக வெளியே அனுப்பினால், பின்னால் உருவம் செய்யும்போது எந்தத் தலைமுறையையும் தனியாகத் தொட முடியும்.

அப்புறம், ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு பக்கம் அண்டைக் கட்டமே இல்லை. வெளியே எல்லாம் 0 என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்துக்கு வந்துவிடும்படி சுற்றிவிடலாம். நிரல் எழுதுபவருக்கு இது சின்ன விஷயம். வடிவமைப்பவருக்குப் பெரிய விஷயம். உருளை வடிவக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பேட்டர்ன் செய்கிறீர்கள் என்றால், கிடைமட்டத்தில் மட்டும் சுற்றிவிடுங்கள். தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் தையல் தெரியாது.

எண்ணுக்கு உடல் கொடுப்பது

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வருவோம்.

எளிய வழி, 1 இருக்கும் இடத்தில் ஒரு சதுரமோ துளையோ போடுவது. ஒரு பரப்பை இரண்டு திசையிலும் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டத்தைக் கொடுத்துவிட்டால் பேட்டர்ன் வளைந்த சுவரிலும் படிந்துவிடும். இதற்கு நேரில் பார்க்கக்கூடிய உதாரணம் 2017-ல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் நார்த் ரயில் நிலையம். அதன் வெளிப்புற அலுமினியத் தகடுகளில் வெட்டியிருக்கும் துளைகள் விதி 30-ன் பேட்டர்ன். கான்வே கேம்பிரிட்ஜில் இருந்தவர் என்பதால் முதலில் அது கேம் ஆஃப் லைஃப் என்றே அறிவிக்கப்பட்டது. பார்த்தவர்கள் அது வுல்ஃப்ரமின் விதி என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். விதி 30 ஒழுங்கும் குழப்பமும் கலந்தது: இடது ஓரத்தில் பட்டை பட்டையாகக் கொஞ்சம் ஒழுங்கு, நடுவில் எதிர்பார்க்க முடியாத முக்கோணங்கள். கோனஸ் டெக்ஸ்டைல் என்ற கடல் சங்கின் ஓட்டிலும் இதை ஒத்த பேட்டர்ன் இருக்கிறது.

அடுத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: நேரத்தை உயரமாக மாற்றுவது. முதல் தலைமுறை தரைத்தளம். அதன் மேல் இரண்டாவது தலைமுறை, அதன் மேல் மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். திரையில் ஓடி மறையும் அசைவு இப்போது நிலையான பொருளாகிவிடுகிறது. கேம் ஆஃப் லைஃபில் பெயர் பெற்ற சின்ன உருக்களை இப்படி அடுக்கிப் பாருங்கள். 'பிளாக்' என்பது இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள். அது மாறவே மாறாது. அடுக்கினால் நேரான சதுரத் தூண். 'பிளிங்கர்' மூன்று கட்டங்கள் கொண்ட கோடு. ஒரு தலைமுறை படுத்திருக்கும், அடுத்த தலைமுறை நின்றிருக்கும். அடுக்கினால் நடுவில் ஒரு தண்டும், அடுக்குக்கு அடுக்கு திசை மாறி நீளும் கைகளும் வரும். 'கிளைடர்' நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரும். அடுக்கினால் சாய்ந்த தூண்.

அந்தச் சாய்வை நாம் கணக்கிடவும் முடியும். கட்டத்தின் அகலமும் அடுக்கின் உயரமும் ஒன்றே என்றால், நான்கு அடுக்கு ஏறுவதற்குள் 1.41 கட்டம் பக்கவாட்டில் போகும். செங்குத்திலிருந்து சுமார் 19 டிகிரி. அடுக்கின் உயரத்தைப் பாதியாக்கினால் சாய்வு சுமார் 35 டிகிரி ஆகிவிடும். விதியைத் தொடவில்லை, எண்களும் மாறவில்லை. ஒரு ஸ்லைடரை நகர்த்தியதில் தூணின் குணமே மாறிவிட்டது. உருவத்தைத் தீர்மானிப்பது விதி மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இப்படி அடுக்கியதும் ஒரு பிரச்சினை தலைகாட்டும். புதிதாகப் பிறக்கும் கட்டத்துக்கு நேர் கீழே எதுவும் இருக்காது. யோசித்துப் பாருங்கள்: போன தலைமுறையில் அது வெறும் கட்டமாக இருந்ததால்தானே இப்போது 'பிறக்கிறது'? கீழ் அடுக்கில் அதைச் சுற்றி மூன்று பெட்டிகள் இருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவை ஒரு விளிம்பில் மட்டும் தொடும், மூலையில் இருப்பவை ஒரே ஒரு புள்ளியில் தொடும். அதே அடுக்கில் ஒட்டி நிற்கும் பெட்டி எதுவும் இல்லையென்றால், திரையில் சேர்ந்திருப்பதுபோல் தெரியும் கோபுரம், 3டி பிரிண்ட் செய்து எடுக்கும்போது துண்டு துண்டாக உதிரும்.

எளிய தீர்வு, பெட்டியைக் கட்டத்தைவிடப் பெரிதாகச் செய்வது. கட்ட இடைவெளி 1 என்றால் பெட்டியின் பக்கத்தை மூன்று திசையிலும் 1.2 ஆக்குங்கள். மூலைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிணைந்துகொள்ளும். இன்னொரு தீர்வு, பெட்டிகளையே விட்டுவிடுவது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் அடர்த்தி என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து, 0.5-க்கு மேலுள்ள பகுதியைச் சுற்றி ஒரு தோலை இழுத்துப் போர்த்தலாம். 1987-ல் வெளியான மார்ச்சிங் க்யூப்ஸ் என்ற வழிமுறை இதைச் செய்கிறது. கிராஸ்ஹாப்பரில் இதற்கு ப்ளக்இன்கள் உண்டு. பெட்டிக் குவியலாக இருந்தது எலும்பின் உட்புறம்போல் வழவழப்பாகிவிடும். ஆனால் தனியாக நிற்கும் கட்டங்கள் சராசரியில் கரைந்து காணாமல் போகும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். எந்த எல்லையில் தோலைப் போடுவது என்ற எண்ணையும் ஸ்லைடரில் வைத்து, மெல்ல நகர்த்திப் பார்ப்பது நல்லது.

கட்டத்தின் வயதும் பயனுள்ள தகவல். ஒரு கட்டம் எத்தனை தலைமுறையாக இறக்காமல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தால், 0-1 என்ற கறாரான பிரிவுக்கு நடுவில் பல படிகள் கிடைக்கும். வயது கூடக் கூடத் துளை பெரிதாகலாம், தூண் தடிக்கலாம், பேனல் சாயலாம். முகப்புப் பேனல்களுக்கு இது பொருத்தமாக இருக்கும்.

உண்மையான முப்பரிமாணம்

இதுவரை அடுக்கிப் பார்த்தது இரு பரிமாண விதி. மூன்றாவது பரிமாணம் நேரம். விதியையே முப்பரிமாணத்தில் ஓட்டினால் ஒரு கட்டத்துக்கு 26 அண்டைக் கட்டங்கள். 1987-ல் கார்ட்டர் பேஸ் என்ற கணினி அறிவியலாளர் கேம் ஆஃப் லைஃபுக்கு இணையான முப்பரிமாண விதிகளைத் தேடி 4555, 5766 என்ற இரண்டை முன்வைத்தார். 4555 என்றால், 4 அல்லது 5 அண்டை உயிர்கள் இருந்தால் பிழைக்கும், சரியாக 5 இருந்தால் பிறக்கும்.

உருவம் தேடுபவருக்கு இவற்றைவிடப் பெரும்பான்மை விதி உதவும். தன்னையும் சேர்த்து 27 கட்டங்களில் 14-ம் அதற்கு மேலும் நிரம்பியிருந்தால் தானும் நிரம்பு, இல்லையென்றால் காலியாகு. பாதிக் கட்டங்களைத் தாறுமாறாக நிரப்பிவிட்டு இதைச் சில தலைமுறை ஓட்டினால் தூசிபோல் கிடந்தவை ஒன்று சேர்ந்து, ஸ்பாஞ்ச் மாதிரி ஓர் உருவம் வரும். பெரும்பாலும் திடப்பகுதி ஒரே துண்டாகவும், நடுவில் ஓடும் வெற்றிடமும் ஒரே தொடர்ச்சியாகவும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 100 x 100 x 100 என்று எடுத்தால் 10 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 26 அண்டைக் கட்டங்கள் என்றால் ஒரு தலைமுறைக்கு 2.6 கோடி சோதனைகள். 20-ல் தொடங்குங்கள், பிறகு 30, 40 என்று ஏற்றுங்கள். கணக்கைவிட வரைவதுதான் பல நேரம் அதிகம் இழுக்கும். எனவே உயிருள்ள கட்டங்களை மட்டும் வரையுங்கள், கனமான சாலிட் பெட்டிகளுக்குப் பதிலாக மெஷ் (தட்டையான சிறு முகங்களால் ஆன மேற்பரப்பு) பயன்படுத்துங்கள், இரண்டு பெட்டிகள் ஒட்டும் இடத்தில் உள்ளே மறையும் முகங்களை உண்டாக்கவே வேண்டாம்.

கடிவாளம்

'இந்த மூலையில் எனக்கு ஒரு வாசல் வேண்டும்' என்று செல்லுலார் ஆட்டோமேட்டாவிடம் நேராகச் சொல்ல முடியாது. விளைவிலிருந்து பின்னோக்கித் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். கேம் ஆஃப் லைஃபில் எந்தத் தொடக்கத்திலிருந்தும் வந்து சேரவே முடியாத அமைப்புகளும் உண்டு. அவற்றுக்கு 'கார்டன் ஆஃப் ஈடன்' என்று பெயர். ஆர்-பென்டோமினோ என்ற ஐந்தே கட்டங்கள் கொண்ட தொடக்கம் 1,103 தலைமுறை ஓடிய பிறகுதான் அடங்குகிறது. அடுக்குக்கு ஒரு மில்லிமீட்டர் என்றாலும் ஒரு மீட்டரைத் தாண்டும் மாதிரி அது! ஐந்து கட்டங்களைப் பார்த்து அதை யாராலும் ஊகிக்க முடியாது.

ஆனால் வழிநடத்த முடியும். வாசல் வர வேண்டிய இடத்தில் சில கட்டங்களை எந்த விதிக்கும் கட்டுப்படாமல் எப்போதும் 0-வாகவே பூட்டிவிடலாம். பேட்டர்ன் அதைச் சுற்றி வளைந்து போகும். பெரும்பான்மை விதியில் 14 என்ற எல்லையை எல்லா இடத்திலும் ஒன்றாக வைக்காமல், கீழே 13, மேலே 15 என்று உயரத்துக்கு ஏற்ப மாற்றலாம். அடிப்பாகம் கனத்து மேலே இலேசாகும். எந்தத் தலைமுறையில் நிறுத்துவது என்பதும் உங்கள் கையில்தான்.

புவியீர்ப்பு, வெயில், மழை எதுவும் இந்தக் கட்டங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் நீங்கள்தான் விதியாக எழுத வேண்டும். உதாரணமாக, அடுக்கும் கோபுரத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறகு ஒரு சோதனை வையுங்கள். நேர் கீழே பெட்டி இருக்கும் கட்டங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு அதே அடுக்கில் பக்கவாட்டில் ஒட்டியிருப்பவற்றையும், ஒன்று அல்லது இரண்டு கட்டத் தூரம் வரை, தாங்கப்பட்டவை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போங்கள். இனி இது கான்வேயின் விதி இல்லை. கிளைடர்கள் பழையபடி ஓடாது, பல தொடக்கங்கள் சீக்கிரமே அடங்கிவிடும். ஆனால் மிஞ்சுவது நிற்கக்கூடிய உருவம். அந்த 'ஒன்று அல்லது இரண்டு' என்ற தூரத்துக்கும் ஒரு ஸ்லைடர் வையுங்கள். பொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பொறுத்து அதை முடிவு செய்துகொள்ளலாம்.

தாறுமாறான தொடக்கம் பயன்படுத்தும்போது, ரேண்டம் எண்ணுக்குக் கொடுக்கும் சீட் மதிப்பை (அதே எண்ணைக் கொடுத்தால் அதே தொடக்கம் திரும்பக் கிடைக்கும்) ஒவ்வொரு மாதிரியின் பெயரோடும் சேர்த்துச் சேமியுங்கள். கட்டங்களின் அளவு, தலைமுறை எண்ணிக்கை, ஓரத்தைச் சுற்றினீர்களா என்பதையும் கூடவே குறித்துவையுங்கள். பிடித்த உருவம் கண்ணில் பட்டதும் சீட் மதிப்பை நிலையாக வைத்து, பெட்டியின் அளவையும் அடுக்கின் உயரத்தையும் மட்டும் மாற்றிப் பத்து வடிவம் செய்து பாருங்கள். விதியை மாற்றுவதற்கு அதற்கப்புறம் போகலாம்.